நிங்கலூ: ஓத அட்டவணையைப் பார்த்து ஓட்டும் நாள்

முதல் நாள்: எக்ஸ்மவுத்

ஆஸ்திரேலியப் பவளம் என்றாலே எல்லோரும் கிழக்குக் கரையைத்தான் சொல்வார்கள். அங்கே பெரும்பாலான இடங்களில் படகேறிக் கடலுக்குள் வெகுதூரம் போக வேண்டும். மேற்குக் கரையிலுள்ள நிங்கலூவில் அந்த வேலையே இல்லை. மணலிலிருந்து இறங்கி இடுப்பளவு நீரில் முகத்தை அமிழ்த்தினால் பவளம். சுமார் 260 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையை ஒட்டியே செல்லும் இந்தத் திட்டு 2011-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மகர ரேகைக்குச் சற்று வடக்கே இருப்பதால் வெப்பமண்டலக் கடல்தான். ஆனால் கரையில் தென்னை இல்லை, நிழல் இல்லை. சிவந்த சுண்ணாம்புக் குன்றும் ஸ்பினிஃபெக்ஸ் புல்லும்தான்.

பெர்த்திலிருந்து சாலை வழியாக 1,250 கிலோமீட்டர் வாக்கில் வரும். விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் லியர்மந்தில் இறங்கலாம். அங்கிருந்து எக்ஸ்மவுத் ஊர் 35 கிலோமீட்டர். வண்டியை விமான நிலையத்திலேயே முன்பதிவு செய்து எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூரைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடு, அதனால் கைப்பழக்கம் மாற வேண்டியதில்லை.

வாடகை வண்டியில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஃபோர் வீல் டிரைவ் என்று பெயர் இருந்தாலும், ஒப்பந்தத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது, உப்புநீரைக் கடக்கக் கூடாது, யார்டி க்ரீக் என்ற ஓடையைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் எழுதியிருக்கும். மீறிப் போய் வண்டி மணலில் புதைந்தால் காப்பீடு கிடையாது. இழுத்து வரும் செலவு முழுவதும் நம் தலையில். கையெழுத்திடும் முன் யார்டி க்ரீக்கின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியில் இருக்க வேண்டியவை: டயர் அழுத்தமானி, காற்றடிக்கும் கம்ப்ரெசர், நீளக் கைப்பிடி மண்வாரி, மணலில் சக்கரத்துக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் பலகை இரண்டு, இழுவைப் பட்டை, அதை மாட்ட முன்னும் பின்னும் சான்றளிக்கப்பட்ட கொக்கி. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையைக் கட்டவே கூடாது. இழுவையில் அது உடைந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். இந்த நாட்டில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

டீசலும் தண்ணீரும் இங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். நாளை போகும் கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவுக்குள் எரிபொருள் இல்லை, குடிநீர் இல்லை, பெரும்பாலான இடங்களில் செல்பேசி சிக்னலும் இல்லை. ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்தால் சரியாக இருக்கும்.

இன்றைய முக்கிய வேலை ஓத அட்டவணையை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரங்களைப் பார்ப்பது. நாளைய நாள் முழுவதையும் கடிகாரம் அல்ல, ஓதம்தான் தீர்மானிக்கும். பார்க்க வேண்டியது, கடலுக்குள் நீண்டிருக்கும் இந்த நிலமுனையின் மேற்குக் கரைக்கான அட்டவணையை. எக்ஸ்மவுத் ஊர் முனையின் கிழக்குக் கரையில், வளைகுடாப் பக்கம் இருக்கிறது. அங்கே ஓதம் ஏறும் நேரமும் வேறு, அளவும் வேறு. ஊர்ப் பெயரைத் தட்டி வரும் எண்ணை நம்பிப் போகிறவர்கள் ஆய்ஸ்டர் ஸ்டாக்ஸ் என்ற பவளக் கரையில் முழங்கால் நீரில் பவளத்தின் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் என்பதால் நாளை முற்பகல் 11 மணி வாக்கில் உச்ச ஓதம், 1.5 மீட்டர் அளவுக்கு. காற்று காலையில் தணிந்திருக்கும், பிற்பகலில் தென்மேற்கிலிருந்து எழும்பும். இந்தக் கரையின் வழக்கமே அதுதான். ஆகவே வரிசை இது: விடிந்ததும் நேரே தெற்கே யார்டி க்ரீக்; ஓதம் ஏறிய பின் ஆய்ஸ்டர் ஸ்டாக்ஸ்; காற்று வலுக்கும் முன் டர்க்வாய்ஸ் பே என்ற விரிகுடா.

நீருக்கடியில் பார்க்க அணியும் மாஸ்க்கை இன்றே சோதித்துவிடுங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் கை விட்டபின்னும் ஒட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அது உங்கள் முகத்துக்கு ஆகாது. பட்டையை இறுக்குவதால் நீர் புகுவது நிற்காது, இன்னும் கூடும். மீசைக்காரர்கள் மூக்குக்கடியில் கொஞ்சம் வாசலின் தடவலாம். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையால் உள்பக்கம் தேய்த்துக் கழுவாவிட்டால் நீருக்குள் போன ஐந்தாவது நிமிடம் பனிமூட்டம்தான். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வேண்டவே வேண்டாம். நீர் புகுந்தால் சட்டென்று கழற்ற முடியாது, நீரோட்டமுள்ள இடத்தில் அது ஆபத்து.

இரண்டாம் நாள்: முனையைச் சுற்றி யார்டி க்ரீக் வரை

புறப்பாடு சூரியன் எழுந்த பிறகு, 6:40-க்கு. இருட்டில் கிளம்பி நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். விடியலிலும் அந்தியிலும் கங்காருக்கள் சாலையோரப் புல்லுக்கு வரும். வெளிச்சத்தைக் கண்டு விலகாது, குறுக்கேதான் பாயும். ஈமு அதைவிட மோசம். ஒன்று கடந்துவிட்டது என்று வேகத்தைக் கூட்டினால் பின்னாலேயே குஞ்சுகளின் வரிசை வரும்.

சாலை முதலில் வடக்கே போய், வ்லாமிங் ஹெட் கலங்கரை விளக்கத்தருகே திரும்பி, மேற்குக் கரையோடு தெற்கே இறங்குகிறது. ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவின் வாயில். வண்டிக்கு ஒரு நாள் கட்டணம் 17 ஆஸ்திரேலிய டாலர் வாக்கில். சாவடியில் ஆள் இல்லையென்றால் உறையில் பணம் வைத்துப் பெட்டியில் போடலாம், முன்கூட்டியே இணையத்திலும் கட்டிவிடலாம். பூங்காவின் மில்யரிங் தகவல் மையம் திறக்க நேரமிருந்ததால் நிற்காமல் போனோம்.

ஊரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் தார் முடிகிறது. அங்கேதான் யார்டி க்ரீக், மலையிடுக்கிலிருந்து வந்து கடலில் சேரும் ஓடை. வருடத்தின் பெரும்பகுதி அதன் வாயை ஒரு மணல்திட்டு அடைத்திருக்கும்; வண்டி கடப்பது அந்தத் திட்டின் மேல்தான். பெரிய மழை அல்லது புயலுக்குப் பிறகு ஓடை திட்டை உடைத்துக்கொண்டு ஓடும். அப்போது கடக்க வழியே இல்லை. உடையாத நாளிலும் உயர்ந்த ஓதமும் பெரிய அலையும் சேர்ந்தால் கடல் நீர் திட்டின் மேல் ஏறி மணலைத் தளர்த்திவிடும். காலை எட்டு மணிக்கு ஓதம் பாதிதான் ஏறியிருந்தது, திட்டு காய்ந்து கிடந்தது. திரும்பும் நேரத்தையும் இப்போதே கணக்கிட வேண்டும். போகும்போது காய்ந்த திட்டு வரும்போது நனைந்திருந்தால், அக்கரையில் ஆறு மணி நேரம் உட்கார நேரும்.

வண்டியை ஏற்றும் முன் ஆள் நடக்க வேண்டும். குதிகாலால் ஓங்கி மிதித்தால் மணல் எவ்வளவு உள்வாங்குகிறது என்று தெரியும். மேலே காய்ந்த தோலும் அடியில் சேறுமாக இருப்பது ஓடையின் உள்பக்க விளிம்பில்தான். அங்கே பழைய டயர் தடம் இருந்தாலும் நம்பாதீர்கள். அது போன வாரத்துத் தடமாக இருக்கலாம். கடல்பக்கம் ஒட்டினால் அலை. நடுவில் உயர்ந்திருக்கும் முதுகுதான் வழி.

பிறகு டயர். சாலையில் 36 பிஎஸ்ஐ இருந்ததை நான்கிலும் 18-க்கு இறக்கினோம். காற்றை இறக்கினால் டயர் அகலமாகி மிதக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அகலம் கொஞ்சம்தான் கூடும்; மணலில் படும் பரப்பு நீளவாக்கில்தான் அதிகமாகிறது. ஒரு டிராக்டர் சங்கிலியைப் போல எடையை நீளமாகப் பரப்பி, மணலை வெட்டாமல் மேலே ஏறி ஓடும். இன்னும் சிக்கினால் 15 வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். காற்று குறைந்த டயரோடு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும்.

கியரை நான்கு சக்கர இயக்கத்தில் போட்டு, வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். சக்கரம் கொஞ்சம் சுழன்றதுமே அது என்ஜினின் சக்தியை வெட்டிவிடும்; மென்மணலில் உந்தம் போனால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். நடுத்திட்டில் கியர் மாற்றாமல் ஒரே சீராகப் போக வேண்டும். நிறுத்துவதானாலும் பிரேக் வேண்டாம், ஆக்ஸிலரேட்டரை விட்டால் தானே நிற்கும். பிரேக் பிடித்தால் நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் மணல் மேடாகக் குவிந்து, மறுபடி கிளம்புவதே போராட்டமாகிவிடும்.

புதைந்தால் முதல் விதி, சுழற்றாதே. ஒவ்வொரு சுற்றும் ஒரு விரற்கடை ஆழம். வந்த தடத்திலேயே பின்னுக்குப் போகப் பாருங்கள். அது ஏற்கெனவே அழுந்திய மணல். நகரவில்லையென்றால் இறங்கிக் குனிந்து பாருங்கள்: அச்சு மணலைத் தொட்டுக்கொண்டிருக்கும். சக்கரத்தை மட்டும் தோண்டுகிறவர்கள் அரைமணி நேரம் வீணாக்குவது இதனால்தான். அச்சின் அடியையும் சக்கரத்தின் போக்குப்பக்கத்தையும் சரிவாக வாரி, காற்றை இன்னும் இறக்கி, பலகையை டயருக்கு நெருக்கிச் செருகி, மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். பலகைக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

அக்கரையில் தடம் மணலும் சுண்ணாம்புக்கல்லுமாக மாறி மாறி வருகிறது. இப்படியே தெற்கே போனால் கோரல் பே என்ற ஊர். நாங்கள் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவதாகத்தான் திட்டம். கல் வரும் இடத்தில் குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் பக்கச்சுவர் கிழியும்; மணல் வேகத்தைக் கல்லில் காட்டாதீர்கள். இந்தப் பகுதியின் ஒரு பங்கு ராணுவத்தின் பழைய குண்டுவீச்சுப் பயிற்சி நிலம், வெடிக்காத குண்டு இருக்கலாம் என்ற பலகைகள் நிற்கின்றன. தடத்தை விட்டு விலகாமலிருக்க அது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆமை. நவம்பர் முதல் மார்ச் வரை பேராமையும் பெருந்தலை ஆமையும் அழுங்காமையும் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. ஏப்ரலிலும் குஞ்சுகள் வெளிவரும். டயர் பதிந்த பள்ளத்தில் விழுந்த குஞ்சு ஏறி வர முடியாமல் அதற்குள்ளேயே ஓடி ஓடிச் சாகும். மணல்மேட்டில் ஏற்றி வேடிக்கை காட்டுகிறவர்களைக் கண்டால் மனம் பொறுக்கவில்லை.

ஒன்பதரைக்குள் இக்கரை. வண்டியின் அடியில் எட்டிப்பார்த்து, புகைக்குழாயருகே சிக்கியிருந்த ஸ்பினிஃபெக்ஸ் புல்லைப் பிடுங்கினோம். பிசினுள்ள புல் அது, சூட்டில் பற்றிக்கொள்ளும், வண்டியே எரிந்துபோகும். கம்ப்ரெசரால் காற்றை 36-க்கு ஏற்ற நான்கு டயருக்கும் சேர்த்து அரைமணி நேரம். அந்த இடைவெளியில் ஓடையின் செங்குத்துப் பாறையைப் பார்த்தால் கருப்பு விலாப் பாறை வாலபிகள் (கங்காரு இனத்துச் சிறு விலங்குகள்) விளிம்புகளில் உட்கார்ந்திருப்பது தெரியும்.

வடக்கே திரும்பும் வழியில் மண்டு மண்டு ஓடை. இங்குள்ள ஒரு பாறைக்குகையில், துளையிட்டு மணியாக்கிய கூம்புச் சிப்பிகள் 22 கிடைத்தன. 32,000 ஆண்டுப் பழமை. இன்று உயிரோடு நீரில் கிடக்கும் கூம்புச் சிப்பியைக் கையால் எடுக்காதீர்கள். அழகான ஓட்டின் கூர்முனைப் பக்கத்திலிருந்து நஞ்சுமுள் வரும், சில இனங்கள் ஆளைக் கொல்லும்.

ஆய்ஸ்டர் ஸ்டாக்ஸை அடைந்தபோது 10:15. ஓதம் 1.2 மீட்டருக்கு மேல் இருந்தால்தான் இங்கே இறங்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. இங்கே பவளம் கரையிலிருந்து சில அடிகளிலேயே தொடங்கி நீர்மட்டத்தை நெருங்கி வளர்ந்திருக்கிறது. ஓதம் குறைந்தால் வயிறு உரசும். உடம்பில் கீறல், பவளத்தில் முறிவு. கீறல் பத்து நாளில் ஆறும். கிளைப் பவளம் ஓராண்டில் சில சென்டிமீட்டர்தான் வளரும். நிற்க இடமில்லாத இடத்தில் இளைப்பாற வேண்டுமென்றால் மல்லாந்து மிதங்கள், காலை ஊன்றாதீர்கள்.

இறங்கும் கரை கூரான பாறை. ரப்பர் அடி கொண்ட காலணியோடு போய், முழங்கால் நீரில் உட்கார்ந்துதான் ஃபின்ஸ் எனும் கால்துடுப்பை மாட்ட வேண்டும். நஞ்சுமுள் கொண்ட கல்மீன் கல்லைப் போலவே கிடக்கும். மிதித்துவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்காகவே பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவருவது நல்லது. மேலுக்கு முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும். முதுகு வெந்து போகாது, கடல்சொறியும் சுடாது, கடலில் கரையும் வெயில் களிம்பும் குறையும்.

முகத்தை அமிழ்த்தியதும் முதலில் கேட்பது சத்தம். நறுக், நறுக் என்று எல்லாத் திசையிலிருந்தும். கிளிமீன்கள் பாறையைக் கடிக்கின்றன. ஒன்றைத் தேர்ந்து பின்தொடருங்கள்: அலகு போன்ற பல்லால் பாசியோடு சேர்த்துச் சுண்ணாம்பையும் பெயர்த்து, தொண்டையிலுள்ள இரண்டாவது பல்வரிசையில் அரைத்து, சற்று நேரத்தில் வெண்புகையாய் வெளியே விடும். கரையில் நாம் நடந்து வந்த மணலில் ஒரு பங்கு அதுதான். கடித்த இடத்தில் வெள்ளையாய் இணைக் கீறல் நிற்கும். பவளக் குகைகளின் வாயில் விலாங்கு போன்ற அஞ்சாலைகள் வாயைத் திறந்து திறந்து மூடுவது மிரட்டல் அல்ல, மூச்சு. கையைப் பொந்தில் விட்டால்தான் கடி.

ஒரு பேராமை பாசி மேய்ந்துகொண்டிருந்தது. ஆமையைப் பார்க்கும் முறை, பக்கவாட்டில் சில மீட்டர் தள்ளி அசையாமல் மிதப்பது. தலைக்கு மேலே போனால் அது மூச்செடுக்க மேலே வரும் வழி அடைபடும். துரத்தினால் இரண்டு வீச்சில் மறைந்துவிடும். சும்மா இருந்தால் தானே நம்மைக் கடந்து மேலே வந்து, ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி அதே பாறைக்குத்தான் இறங்கும்.

ஒரு மணிக்கு டர்க்வாய்ஸ் பே. இங்கே இரண்டு நிறுத்துமிடம். வடக்கே இருப்பது அமைதியான விரிகுடா, சிறுவர்களுக்கும் நீந்தப் பழகுகிறவர்களுக்கும் அது போதும். தெற்கே இருப்பது நீரோட்டத்தில் மிதந்து போகும் கரை. அதன் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் இறங்கக் கூடாது. வெளிப் பவளத்திட்டின் மேல் அலை உடைந்து நீரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த நீர் திரும்பிப் போக ஒரே வழி திட்டிலுள்ள இடைவெளி. கரையோடு வடக்கே ஓடி, மணல்முனை அருகே அந்த இடைவெளி வழியாகத் திறந்த கடலுக்குப் பாய்கிறது. அலை பெரிதானால் உள்ளே வரும் நீர் கூடும், வெளியேறும் வேகமும் கூடும். ஓதம் வற்றும்போது அந்த இழுப்பும் இதோடு சேரும். வெளித்திட்டில் நுரைக்கோடு இடைவிடாமல் தெரிகிற நாளில் இங்கே இறங்காமல் விரிகுடாப் பக்கம் போய்விடுங்கள். இன்று வெளியே கடல் தட்டையாக இருந்தது.

மணலில் தெற்கே சில நூறு மீட்டர் நடந்து போய் இறங்க வேண்டும். இறங்குமுன் மணல்முனைக்கு வெகு முன்னாலேயே கரையில் ஓர் அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வந்ததும் வெளியேறியே ஆக வேண்டும், எவ்வளவு நல்ல மீன் தெரிந்தாலும். இடுப்பளவு நீரில் முதலில் எதிர்நீச்சல் அடித்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள் என்றால் இன்று அந்த இடம் உங்களுக்கு இல்லை. சரியாக இருந்தால் கரையிலிருந்து நாற்பது ஐம்பது மீட்டர் வெளியே போய், உடம்பைத் தளர்த்தினால் போதும். பவளம் தானாக அடியில் நகரும். அடிக்கடி தலையைத் தூக்கி அடையாளத்தைப் பாருங்கள். தவறிவிட்டால் நீரோட்டத்தை எதிர்க்காமல் அதற்குக் குறுக்காகக் கரையை நோக்கி நீந்துங்கள், முடியவில்லையென்றால் மிதந்தபடி ஒரு கையை உயர்த்துங்கள். தனியாக இறங்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அதிகம் கவனிக்கப்படாதது மணலில் இருக்கிறது. மணற்பரப்பில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தால் அது நீலப்புள்ளித் திருக்கை. கரையோரக் கணுக்கால் நீரில் கருநுனிச் சுறாக் குட்டிகள் கூட்டமாய்ச் சுற்றும். ஆளைக் கண்டால் அவைதான் ஓடும்.

இரண்டரைக்குத் தென்மேற்குக் காற்று எழுந்து நீர் கலங்கியது. மில்யரிங்கில் நின்று அடுத்த நாட்களின் ஓத நேரத்தைக் குறித்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஊர் சேர்ந்தோம். முதல் வேலை வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவியது. பிரேக், அச்சு, சட்டத்தின் உள்மூலை என்று உப்பு ஒளியும் இடமெல்லாம் நீர் அடிக்காவிட்டால் வாடகை வண்டியைத் திருப்பும்போது கேள்வி வரும்.

மூன்றாம் நாள்: டாண்டபிடி படகுத்துறை

திமிங்கலச் சுறாவைப் பார்க்க மட்டும் படகு தேவை. மார்ச், ஏப்ரல் பௌர்ணமியை அடுத்த இரவுகளில் பவளங்கள் ஒருசேர முட்டையும் விந்தும் விடுகின்றன. அதையொட்டிக் கூடும் மிதவை உயிர்களைத் தேடி இவை வரும். ஜூலை வரை இருக்கும். உரிமம் பெற்ற படகில் ஒருவருக்கு 400 டாலருக்கு மேல். விலையின் ஒரு பங்கு மேலே பறந்து சுறாவைத் தேடும் சிறு விமானத்துக்கு.

விதிகள் கடுமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஒரு சுறாவோடு ஒரே சமயத்தில் நீரில் அதிகபட்சம் பத்துப் பேர். உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் விலகல். தொடுவதும் ஃபிளாஷும் கூடாது. நீரில் தவறுவது பெரும்பாலும் முதல் பத்து விநாடியில்: படகிலிருந்து தொப்பென்று குதித்து, தலையைத் தூக்கித் தேடுவார்கள். அதற்குள் சுறா தாண்டியிருக்கும். ஓசையின்றி வழுக்கி இறங்கி, உடனே முகத்தை அமிழ்த்தி, வழிகாட்டியின் கை காட்டும் திசையில் பாருங்கள். பக்கவாட்டில் வரிசையாக நின்று, அது வரும்போது இணையாக நீந்தத் தொடங்க வேண்டும். முழங்காலை மடித்து மிதிவண்டி மிதிப்பது போல உதைத்தால் முன்னேற்றமும் இல்லை, தெறிப்பு வேறு. இடுப்பிலிருந்து நீண்ட உதை வேண்டும். இங்கு வருபவை பெரும்பாலும் இளம் ஆண்கள். வாலை மெல்ல அசைப்பது போலத் தெரியும், கூடவே போக மூச்சு வாங்கும்.

படம் எடுப்பதானால் இடப்பக்கத்தில் செவுள் பிளவுகளுக்குச் சற்றுப் பின்னால், மார்புத் துடுப்புக்கு மேலே உள்ள பகுதியை நேர்ப்பக்கவாட்டில் எடுங்கள். அங்குள்ள வெண்புள்ளிக் கோலம் ஒவ்வொரு சுறாவுக்கும் தனி. ஹபிள் தொலைநோக்கியின் விண்மீன் படங்களை ஒப்பிட எழுதிய கணக்குமுறையை, இந்தக் கரையில் சுறாக்களை ஆராயும் பிராட் நார்மனும் கூட்டாளிகளும் இந்தப் புள்ளிகளுக்கு மாற்றியமைத்தார்கள். அதை வைத்து உலகம் முழுவதிலிருந்தும் வரும் படங்களை ஒப்பிடுகிறார்கள். சாய்வாகவோ வாலிலிருந்தோ எடுத்த படம் ஒப்பீட்டுக்கு உதவாது. தேதி, இடம், சுறாவின் தோராய நீளம், உடலில் வெட்டுத் தழும்பு இருந்தால் அதன் இடம் ஆகியவற்றோடு, இந்தப் படங்களைச் சேர்க்கும் வைல்ட்புக் இணையதளத்தில் ஏற்றினால் அந்தச் சுறா முன்பு எங்கே, எப்போது பார்க்கப்பட்டது என்று பதில் வரும். நேரமுத்திரை சரியாக இருக்க, கேமராவின் கடிகாரத்தைப் பெர்த் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்.